மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தது

பங்குனி, ஞாயிறு இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

கோடை முற்றுவதற்குள் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்று காலையில் ஏறினேன். புத்தியில்லாமல் படிக்கட்டுப் பக்கமிருந்து பூச ஆரம்பித்து, கடைசியில் மலையைப் பார்த்த மூலையில் மாட்டிக்கொண்டேன். சுற்றிலும் ஈரம். கால் வைத்தால் அத்தனையும் பாழ்.

“செல்வி! செல்வி!” என்று கத்தினேன்.

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவி படியேறியதே இல்லை. ஏறலாம் என்று டாக்டர் சொல்லியும் பயம். கீழிருந்தே குரல் கொடுப்பாள் என்று நினைத்தேன். பார்த்தால், மாடிக் கதவருகே மூச்சு வாங்க நிற்கிறாள்.

“இன்னாங்க ஆச்சு? விழுந்துட்டீங்களா?”

“விழல. நீ எப்படி ஏறி வந்த?”

குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு தலையெல்லாம் வெள்ளையாக நின்ற என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. நானும்தான்.

தரை காயும்வரை நான் மூலையிலும் அவள் மேல்படியிலும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். இறங்கும்போது கை நீட்டினேன்.

“விடுங்க, நானே எறங்கறேன்” என்றாள்.

நாளைக்கு இரண்டாவது பூச்சு. தானும் மேலே வருவதாகச் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.