சாய் லின்னின் அம்மா

வெள்ளிக்கிழமை. மின்சாரம் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

தனி மாநிலம் தந்தால் சண்டையை நிறுத்துவதாக, பர்மிய மலைப்பக்கத்து ஆயுதக் குழு அறிவித்திருக்கிறது. பபேடான் கடைத்தெருவில் இருக்கும் பருப்புக் கடையில் என் கூட்டாளியான சாய் லின்னுக்கு அந்த மலைப்பக்கம்தான் சொந்த ஊர்.

"எங்க ஆளுங்க சொன்னா சொன்னதுதான் அண்ணே. எங்கம்மாவே அங்கதானே இருக்காங்க. உங்க தம்பியைத் தைரியமா சரக்கு லாரியோட அனுப்புங்க" என்று நேற்றுச் சொன்னான்.

போன தடவை இப்படி நம்பி அனுப்பிய லாரிதான் வழியில் எரிக்கப்பட்டது. இருந்தும் அவன் அம்மாவே அங்கே இருக்கிறாளே என்று நம்பிச் சம்மதித்தேன். இன்று விடியற்காலை தம்பி கிளம்பிவிட்டான்.

சாயங்காலம் கடைச் சாவியைக் கொடுக்க, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் இருக்கும் சாய் லின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததே அவன் அம்மாதான். போன வாரமே மகன் ஊருக்கு வந்து இங்கே கூட்டிவந்துவிட்டானாம். தம்பி போயிருப்பதைச் சொன்னேன்.

"ஊரே கீழே இறங்கிட்டிருக்கு, உங்க தம்பி எதுக்கு மேலே போறான்?" என்று பர்மிய மொழியில் கேட்டாள்.

"அம்மாவுக்கு முட்டிவலி அண்ணே, அதான்..." என்று சுவரைப் பார்த்துச் சொன்னான் சாய் லின்.

பாவி. சரக்கு அங்கே போகலாம், அவன் அம்மா மட்டும் அங்கே இருக்கக் கூடாது.

தம்பிக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கொடுக்க மனம் வரவில்லை.