பெரிய மருமகள் ரயில் நிலையம் போன நாள்

என் பிரியத்துக்குரிய வசந்தாக்கா,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. செம்பாக்கத்தில் நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நான் வழக்கம்போல் காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பன்னிரண்டரை ஆனதும் பேனாவை மூடிவிட்டு ரேடியோவைப் போடுகிறேன். நாம் பதினோரு வருடம் சேர்ந்து கேட்ட தொடர். ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட இரண்டு மருமகள்களின் கதை என்பதால், "நம்மளத்தான் ஒட்டுக் கேக்கறாங்கடி" என்று சிரிப்பீர்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொடரில் பெரிய மருமகள் கோபித்துக்கொண்டு பையோடு ரயில் நிலையம் போய்விடுகிறாள். சின்னவள் அங்கே வந்து, "வீட்டுக்குப் போலாம், யார் கேட்டாலும் மார்க்கெட் போனோம்னு சொல்லிக்கலாம்" என்கிறாள். பையில் துணிக்கு மேலே இரண்டு கிலோ கத்தரிக்காயை வாங்கி அடுக்குகிறாள்.

அக்கா, அது என் கதை. பத்திரிகையில் நான் எழுதிய கதை வந்ததற்காக, "குடும்ப மானத்த வித்துட்டே" என்று என் வீட்டுக்காரர் கத்திய நாளில் கிளம்பியவள் நான். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து என்னை அழைத்து வந்தவர் நீங்கள். பெரியவளையும் சின்னவளையும் இடம் மாற்றிவிட்டால் திருட்டு தெரியாதா? நம் இருவரைத் தவிர அந்தக் கத்தரிக்காய் யாருக்குத் தெரியும்?

மாடி வீட்டு சுமதியைத்தான் சந்தேகப்பட்டேன். நீங்கள் படுக்கையில் இருந்தபோது தினமும் வந்தவள். நான் அறைக்குள் நுழைந்ததும் இருவரும் பேச்சை நிறுத்துவீர்களே! அவள் கொடுத்தனுப்பிய ரசத்தைத் திருப்பி அனுப்பினேன். உங்களையும் விடவில்லை. இரண்டு வாரம் உங்கள் படத்துக்குப் பூ வைக்கவில்லை.

கடைசியில், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவளை மடக்கினேன்.

"அக்கா உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

"என்ன மாலதி, போலீஸ் மாதிரி கேக்கறே?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "லெட்டர் குடுப்பாங்க, போஸ்ட் பண்ணுவேன். ரேடியோவுக்கு. உனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க" என்றாள்.

மறுநாளே வானொலி நிலையத்துக்குப் போனேன். தொடரை எழுதும் அம்மாள் ஒரு ஃபைலை நீட்டினார். "அவங்க லெட்டர் வராம எனக்கு எழுதவே ஓடலைங்க." உள்ளே உங்கள் சாய்ந்த கையெழுத்து.

அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். யாரும் எதையும் மாற்றவில்லை. நீங்களேதான் எழுதியிருந்தீர்கள்: "ஒரு நாள் நான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். என் ஓரகத்தி என்னைத் திரும்ப அழைத்து வந்தாள்." என் அவமானத்தை உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று அங்கேயே அழுதேன். உங்கள் சண்டைகளையும் கண்ணீரையும் நான் எத்தனை கதைகளில் போட்டிருக்கிறேன், ஒரு தடவையாவது உங்களைக் கேட்டேனா?

அதன் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வரும் பஸ்ஸில் மறுபடி படித்தேன். அப்போதுதான் ஒரு வரி உறுத்தியது. "செங்கோட்டை வண்டிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன்."

நான் எந்த டிக்கெட்டும் எடுக்கவில்லை அக்கா. போக இடமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். செங்கோட்டையில் இருப்பது உங்கள் அம்மா வீடு.

அன்று நான் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. நான் ஸ்டேஷனில் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? இத்தனை வருடம் இதைக் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு! நீங்கள் என்னைத் தேடித்தான் வந்தீர்களா? இல்லை, நீங்களும் கிளம்பித்தான் வந்தீர்களா? பெஞ்சில் என்னைப் பார்த்ததால் உங்கள் வண்டியை விட்டுவிட்டீர்களா?

உங்கள் வீட்டுக்காரருக்கு டீ கொடுக்கும்போது இப்போதெல்லாம் அவர் முகத்தையே பார்க்கிறேன். என்னதான் நடந்தது அன்றைக்கு?

பதில் வராது, தெரியும். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். நீங்கள் என்னைக் கூட்டி வந்தீர்கள் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். ஒருத்தியை ஒருத்தி கூட்டிக்கொண்டு வந்தோம் என்றே சொல்வேன்.

இப்படிக்கு,
உங்களோடு வீடு திரும்பிய ஓரகத்தி,
மாலதி