சந்தனம் பூசிய ஹெட்லைட்

அக்கா,

சூடான கண்ணாடியில் சந்தனம் காயும்போது ஒரு வாசம் வரும். கோயிலில் வருகிற வாசம் இல்லை அது. லேசாகத் தீய்ந்த, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வாசம். இன்று விடியுமுன் வேனைக் கிளப்பி, லைட்டைப் போட்டுவிட்டு டீ வாங்கி வருவதற்குள் அந்த வாசம் மூக்கில் ஏறிவிட்டது. நேற்று ஆயுத பூஜை. முதலாளி வழக்கம்போல இரண்டு ஹெட்லைட்டிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். டீயைக் கீழே ஊற்றிவிட்டுச் சீட்டுக்கு அடியில் துடைக்கிற துணியைத் தேடினேன். அந்த நேரத்திலிருந்து உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வேனை நீ திட்டாத நாள் கிடையாது. செக்கானூரணிப் பக்கத்து ஊர்களில் பெண்களை ஏற்றி, திருப்பரங்குன்றத்தைத் தாண்டி இருக்கிற மில்லில் காலை ஷிப்டுக்கு இறக்கிவிடுகிற வண்டி. எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. பின்னால் ஆடு அடைத்த மாதிரி எல்லோரும் நெருக்கி உட்கார, என் பக்கத்துச் சீட்டில் நீ. லைட்டைப் போட்டால் ரோட்டில் மஞ்சளாக ஒரு கறை விழும். அவ்வளவுதான்.

"தம்பி, லைட்டப் போட்டுட்டியா, இல்ல இனிமேதான் போடப் போறியா?"

"போட்டுத்தான்க்கா இருக்கு."

"அப்புடியா? எதுத்தாப்புல எவனோ பீடி குடிச்சிட்டு வாரான்னுல்ல நெனச்சேன்."

பின்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. குறை பல்பில் இல்லை என்பது எனக்குத் தெரியும். பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் முழுவதும் நூல் மாதிரி இருக்கிற பழைய வயரில் டேஷ்போர்டு சுவிட்சு வரைக்கும் வந்து, அங்கிருந்து மறுபடி முன்னால் போய் பல்பைச் சேர வேண்டும். வருகிற வழியிலேயே பாதி சூடாகக் கரைந்துவிடும். வயரிங்கை மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். "ரோடு என்ன நேத்தா போட்டாய்ங்க? பழகுன ரோடுதானடா" என்றார். ஆனால் கண்ணாடிக்கு மேலே ஓடி ஓடி எரிகிற கலர் லைட் வாங்கி மாட்டினார். பின்பக்கம் அவர் பேரை ரேடியம் ஸ்டிக்கரில் ஒட்டினார். உள்ளே உட்கார்ந்திருப்பது அவர் வீட்டுப் பெண்களாக இருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா?

நான் விடாமல் நச்சரித்ததும் அவர் செய்த காரியம்தான் மோசம். அதே பழைய வயரில் இரண்டு பெரிய பல்பைக் கொண்டுவந்து மாட்டினார். வெளிச்சம் கொஞ்சம் கூடியது. சுவிட்சு தோசைக்கல் மாதிரிக் கொதித்தது.

கண்மாய்க்கரையில் வைத்து அது போனது. சர்ரென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம், அதோடு மொத்த இருட்டு. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பள்ளம். பிரேக்கை மிதித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் யாரோ அழ ஆரம்பித்தார்கள். நீ கதவைத் திறந்து இறங்கினாய். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, செல்போன் லைட்டைத் தரைக்குப் பிடித்தபடி வண்டிக்கு முன்னால் நடந்தாய்.

"என் காலப் பாத்தே வாடா. காலுக்கு அங்கிட்டு எதையும் பாக்காத."

கரை முடிகிற வரைக்கும் உன் வெடித்த குதிகாலைப் பார்த்தபடியே வண்டியை உருட்டினேன்.

மறுநாள் ஒருத்தரும் ஏறவில்லை. டீக்கடைக்கு முன்னால் தூக்குவாளியோடு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். மில்லில் ஷிப்டு நின்றது, போன் பறந்தது, முதலாளி பைக்கில் வந்து குதித்தார்.

"யாரு தூண்டிவிட்டது?"

"இருட்டுதாண்ணே தூண்டிவிட்டுச்சு" என்றாய்.

வேறு வழியில்லாமல் முதலாளி ஒத்துக்கொள்ள, கோரிப்பாளையத்தில் வயரிங் கடைக்கு வேனை விட்டபோது நீயும் கூடவே வந்தாய். "உன் முதலாளி பழைய வயர்லயே டேப்பச் சுத்திக் குடுக்கச் சொல்லிருவான்" என்று. கடைக்கார பாய்க்கு உன்னைப் பார்த்ததும் ஆச்சரியம். லைட்டு வேலைக்குத் துணையாக ஒரு பெண் வந்து அவர் பார்த்ததில்லை. பேட்டரியிலிருந்து தடித்த புது வயரை இழுத்து, ஃபியூஸ் போட்டு, பல்புக்குப் பக்கத்திலேயே ரிலேயை முடுக்கினார். பெரிய பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டிக்கு உரிய பல்பையே மாட்டினார்.

"இனிமே சுவிட்சு வழியா கரண்ட் பூராம் போகாதும்மா. சுவிட்சு உத்தரவு மட்டும் குடுக்கும். வேலைய ரிலே பாத்துக்கும்."

"ஓஹோ. எங்க சூப்பர்வைசர் மாதிரி. அப்ப சூடு அம்புட்டும் ரிலேக்கா?"

பாய் சிரித்துவிட்டார். "அது தாங்கும்மா, தாங்குறதுக்குன்னே செஞ்சது. அதுக்கும் மேல போனா ஃபியூஸ் போயிரும். மத்தது தப்பிச்சிரும்."

நீ சிரிக்கவில்லை. "எங்களுக்குத்தான் அந்த மாதிரி ஒண்ணும் வைக்கல" என்றாய்.

அடுத்த நாள் கண்மாய்க்கரையில் கரையோரக் கருவேலமரத்தின் முள் வரைக்கும் தெரிந்தது. ரோட்டைக் குறுக்கே கடந்த கீரி நின்று நம்மைப் பார்த்தது. "இம்புட்டு நாளா இம்புட்டுக் குழியிலயா போயிட்டு வந்தோம்?" என்று நெஞ்சில் கை வைத்தாய்.

அப்புறம் வந்தது அந்த வருஷத்து ஆயுத பூஜை. மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, இரண்டு லைட்டிலும் சந்தனத்தை அப்பினார்கள். நம் ஊரில் அதை யாரும் துடைக்க மாட்டார்கள். மழை பெய்து தானாகக் கரைய வேண்டும், இல்லையென்றால் காய்ந்து உதிர வேண்டும். கையால் துடைத்தால் வண்டிக்கு ஆகாது. நாம் அடம்பிடித்து வாங்கிய வெளிச்சத்தில் பாதி அந்தச் சந்தனத்துக்குப் பின்னால் நின்றது. நீ முந்தானையை நனைத்து, முதலாளி கண்ணெதிரே இரண்டையும் துடைத்தாய்.

"சாமிக்கு வச்சதுடி அது!"

"சாமிக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும்ணே. இந்தப் பயலுக்குத்தான் தெரியாது."

பெண்கள் சிரித்தார்கள். முதலாளியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த வாரமே வேனில் இடமில்லை என்று உன்னை மட்டும் நிறுத்தச் சொன்னார். இடம் இருந்தது. என் பக்கத்திலேயே காலியாக இருந்தது. நான் எப்போதும்போல உன் முன்னால் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன். நீ ஏறவில்லை.

"என்னைய ஏத்துனா நாளைக்கு நீ இந்தச் சீட்டுல இருக்க மாட்ட. அப்புறம் இவளுகளுக்கு லைட்டப் பாக்குற ஆளு யாரு? கெளம்புடா."

டவுன் பஸ்ஸுக்கு மெயின் ரோடு வரைக்கும் நடக்க ஆரம்பித்தாய். அப்படி நடந்துபோன ஒரு விடியற்காலையில்தான் லோடு வண்டி உன்னை அடித்தது. ஓட்டியவன் ஆள் நடந்ததே தெரியவில்லை என்றான். ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "இருட்டுல கருப்புச் சேலை கட்டிட்டு ரோட்டுல நடந்தா யாருக்குப்பா தெரியும்?" என்றார்.

வாசலில் நின்ற அந்த லோடு வண்டியைக் காட்டினேன். "லைட்டப் பாருங்க சார்."

எட்டிப் பார்த்தார். "சந்தனம். பூஜை போட்டிருக்காங்க. அதுக்கென்ன?"

அதுக்கென்ன என்பதை இன்று வரைக்கும் நான் விழுங்கவில்லை, அக்கா. சேலையின் நிறத்தை எழுதிக்கொண்டார்கள். சந்தனத்தை எழுதவில்லை. வேனில் இருந்த காலி சீட்டையும் எழுதவில்லை.

இன்று காலை நான் ஒரு லைட்டைத் துடைத்து முடிக்கும்போது முதலாளி வந்துவிட்டார்.

"டேய், ஒவ்வொரு வருஷமும் இதே வேலையா? இன்னியோட வேற வண்டி பாத்துக்க."

அவர் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. சாவியை உருவி நீட்டினேன்.

"சரிண்ணே. இந்தாங்க. மிச்சச் சந்தனத்தோட கண்மாய்க்கரை வரைக்கும் நீங்களே ஓட்டிட்டுப் போங்க. இவங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு."

அவர் சாவியைப் பார்த்தார். ஊருக்கு வெளியே கிடந்த இருட்டைப் பார்த்தார். வேனுக்குள் ஏறியிருந்த பெண்கள் ஜன்னல் வழியாக அவரையே பார்த்தார்கள். அவர் கை நீளவில்லை. "ஒங்கிட்டப் பேசி மனுசன் ஜெயிக்க முடியுமா" என்று முணுமுணுத்துக்கொண்டே பைக்கை எடுத்தார். நாளைக்கு வேறு டிரைவரைக் கூட்டிவந்தாலும் வருவார். வரட்டும். துணி எங்கே இருக்கிறது என்று இப்போது பின்னால் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்குக் கருகிய சுவிட்சு இன்னும் டேஷ்போர்டில்தான் கிடக்கிறது. குழியில் வண்டி குலுங்கும்போது அங்கும் இங்கும் உருளும். தூக்கிப் போடத்தான் நினைக்கிறேன், கை வருவதில்லை. உன் சீட்டில் புதிதாக மில்லுக்கு வருகிற பெண் ஒருத்தி உட்காருகிறாள். உன்னைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். இன்றைக்குக் கண்மாய்க்கரையில்கூட விழிக்கவில்லை.

தூங்கட்டும், அக்கா. ரோடு தெரிகிறது.