நகத்தில் ஒட்டிய பொன்

அக்கா,

இன்று காலை கடைக்கு முதலில் வந்த அம்மாள் ஒரு அரக்குப் பட்டுப் புடவையை விரித்து, ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல், வெள்ளை தெரிந்தால் போலி. வாடிக்கையாளர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் சோதனைதான். ஆனால் என்னைக் கேட்காமலே என் வாய், "சுரண்டாதீங்க!" என்று கத்திவிட்டது.

"வாங்க வந்தவங்ககிட்ட இப்படியா பேசுவாங்க?" என்று அவர் புடவையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கம்பெனி கம்பெனியாக ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிற இந்த வருஷத்தில், சான் ஹோசே பக்கத்து மில்பிடாஸில் வந்த ஆளை விரட்டிய வியாபாரி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதன்பிறகு வேலை ஓடவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கோயில் பார்க்கிங்கில் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் புடவை விற்ற காலத்திலிருந்தே என்னைத் தெரியும் உங்களுக்கு. நீங்கள் சிப் கம்பெனி இன்ஜினியர். கம்பெனி வேலையாகக் கியோட்டோவில் சில வருஷம் இருந்துவிட்டு, ஜப்பானிய மொழியையும் மைத்தூரிகையையும் பிடித்துக்கொண்டு திரும்பியவர். நான் கடை போட்ட பிறகு சனிக்கிழமைகளில் வந்து, நான் புடவை மடிக்க மடிக்க, அந்த ஊர்க் கதைகளைச் சொல்வீர்கள்.

"அங்க ராஜா வீட்டுப் பொண்ணுங்கள்ல பல பேரைச் சின்ன வயசுலயே ஜென் மடத்துக்கு அனுப்பிடுவாங்க முதலாளி. அரண்மனைல இருந்து பொம்மை போகும், பட்டு போகும். அவ அங்கயே வளர்ந்து, மடத்துக்குத் தலைவியாகி, படம் வரைவா. மடத்துக்குள்ள பேச்சு வழக்குகூட அரண்மனைப் பேச்சுதான்."

"பொம்மைய அனுப்புன அப்பன், ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாமுங்களே?"

"வந்து பாத்த அப்பாவும் உண்டு. எல்லாரும் உங்களை மாதிரி கடையே கதின்னு இருப்பாங்களா?"

அரண்மனைப் பெண் ஒருத்தி இறந்தால் அவள் உடுத்திய அங்கி மடத்துக்கு வந்து சேரும் என்றும், துறவிகள் அதைப் பிரித்துச் சதுரமாகத் தைத்துப் புத்தர் முன்னால் விரிப்பார்கள் என்றும் சொன்னீர்கள். உள்புறத்துணியில் அது யாருடையது, யார் கொடுத்தது என்று மையால் எழுதிவைப்பார்களாம். எனக்குத் திக்கென்றது. நம் பக்கம் இறந்தவர் துணியை வீட்டைவிட்டு அகற்றுவதுதான் முதல் வேலை. "செத்தவங்க துணியச் சாமிக்கு முன்னாடி போடுவாங்களா?" என்றேன். "சாமிக்கு முன்னாடி போடாம வேற எங்க போடுறது?" என்றீர்கள்.

அப்படி ஒரு மடத்திலிருந்து வயதான துறவி ஒருவர், சில ஓவியங்களோடும் அப்படித் தைத்த ஒரு பீட விரிப்போடும் சான் ஹோசேக்கு வந்தார். மொழிபெயர்ப்புக்கு நீங்கள். மடத்தில் இலையுதிர் காலத்தில் ஓவியங்களையும் துணிகளையும் வெளியே எடுத்துக் காற்றாட வைப்பார்கள். அந்த வருஷம் அந்த வேலைக்கு உங்களையும் உள்ளே சேர்த்துக்கொள்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வெளியாட்களுக்குத் திறக்காத கதவு அது. அதைச் சொன்னபோது உங்கள் குரல் இறங்கிப்போயிருந்தது. சந்தோஷத்தில் குரல் இறங்கும் மனுஷியை நான் வேறு பார்த்ததில்லை.

"நீங்களும் வாங்க. எனக்குப் படம் புரியும், தறி புரியாது" என்று என்னை நீங்களாகவே கூட்டிப்போனீர்கள்.

கண்காட்சி மண்டபத்தில் விரிப்பு மேஜைமேல் கிடந்தது. ஓடும் தண்ணீர், அதன்மேல் சாமந்தி. உள்புறத்து எழுத்தைக் காட்டத் துறவி அதன் ஒரு மூலையைப் புரட்டினார். நீங்கள் குனிந்து படித்துக்கொண்டிருந்தீர்கள். என் கை தன்பாட்டில் போயிற்று. கட்டைவிரல் நகம், ஒரே ஒரு சுரண்டல்.

தூளாகப் பொன் உதிர்ந்தது. அடியில் வெளிறிய காகிதம்.

"அக்கா, டூப்ளிகேட்டுங்க்கா! உள்ள பேப்பர்!" என்றேன். ஏதோ உங்களை நஷ்டத்திலிருந்து காப்பாற்றிவிட்ட குரலில்.

நீங்கள் நிமிர்ந்தபோது உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் என்ன சொன்னேன் என்று துறவி கேட்டார். நீங்கள் அப்படியே சொன்னீர்கள். பிறகு இடுப்பு வளைய, தலை மேஜையைத் தொடுமளவு குனிந்து நின்றீர்கள். நான் நிமிர்ந்தே நின்றேன்.

காகிதத்தில் பொன்தகடு ஒட்டி, முடிபோல நறுக்கி நெய்வதுதான் அவர்கள் ஜரிகை. அரசகுலமே உடுத்தியது அதைத்தான். துறவி கோபப்படவில்லை. என் கையைக் கேட்டு வாங்கி, ஒரு வெள்ளைத் தாளின்மேல் பிடித்து, நகத்திலிருந்த பொன்னை மெதுவாகத் தட்டி எடுத்தார். தாளை மடித்து அங்கியின் கைமடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

அதோடாவது நான் வாயை மூடியிருக்கலாம். "இதைவிட ஒசத்தியா, அசல் வெள்ளி ஜரிகைல புதுசா ஒண்ணு தர்றேன்னு சொல்லுங்க்கா" என்றேன். சொன்னீர்கள். அது யார் உடுத்தியது என்று அவர் கேட்டார். "யாரும் தொட்டதுகூட இல்லீங்க, மடிப்புக் கலையாதது" என்றேன் பெருமையாக. அதை மட்டும் நீங்கள் மொழிபெயர்க்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் நீங்கள் கியோட்டோ போகவில்லை. அடுத்ததிலும் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டார்களா என்று கேட்டேன்.

"அவங்க சாத்தல. கூட்டிட்டு வந்தது நான். எந்த முகத்தோட போய்த் தட்டுறது?"

"என்னைத் திட்டியாவது தொலைங்க்கா."

"திட்டினா உங்களுக்கு பாரம் இறங்கிடும். இறங்க வேண்டாம்" என்று சிரித்தீர்கள். சனிக்கிழமைகளில் வருவதையும் நிறுத்தவில்லை. நீங்கள் வராமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கூசியிருக்காது. நோய் வந்து படுக்கும்வரை வந்தீர்கள்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து, போன மாதம் உங்கள் மகள் போன் பண்ணினாள். "அங்கிள், அம்மா ஸாரீஸ் எல்லாம் டொனேட் பண்றேன். டு யூ வான்ட் எனிதிங்?" பழசாக ஒன்று கேட்டேன். தூரிகை பிடிக்கும்போது நீங்கள் உடுத்தும் நீலப் பட்டு, கொசுவம் முழுக்க மைப்புள்ளி. என் கடையில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதை விரிப்பாகத் தைக்க மடத்துக்குக் கொடுக்கலாம் என்றதும் அவளே கொண்டுவந்து தந்தாள்.

மண்டபத்துக்காரர்கள் மூலம் மடத்துக்குச் சொல்லியனுப்பினேன். தைக்கும் வேலை அங்கேதான் நடக்க வேண்டுமாம். உள்புறத்துக்கு ஒரு வெள்ளைத் துணியில் பெயர்களை மட்டும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். உங்கள் பெயரை மகள் தமிழில் எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணல், உங்களுக்குப் பிடிக்கும். அப்புறம் தூரிகையை என்னிடம் நீட்டினாள்.

"கொடுத்தவர்னு நீங்க போடுங்க அங்கிள். இட் வாஸ் யுவர் ஐடியா."

கூசிற்று. அங்கும் அவள் பெயரையே எழுதவைத்தேன்.

இலையுதிர் காலத்தில் நானே கொண்டுபோகிறேன், அக்கா. வாசலில் கொடுத்துவிட்டு, குனிந்து, அங்கேயே நின்றுகொள்வேன். நீங்கள் உள்ளே போங்கள்.