சாமித்தட்டுக் குதிரைக்காரர்

ஸ்லீவன் அருகே,
அக்டோபர் 3

அன்புள்ள பென்யோவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? குழந்தை ரொசித்சாவுக்கு இருமல் விட்டதா? நீங்கள் சமைத்துச் சாப்பிடுகிறீர்களா, இல்லை ரொட்டியும் சீஸும்தானா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே நேற்று ஒரு வேடிக்கை. பழங்காலப் புதைமேட்டைத் தோண்டும்போது வெண்கலத்தில் ஒரு குதிரைக்காரர் கிடைத்தார். மண்ணைக் கழுவியது நான்தான். நீங்கள் உழும்போது கண்டெடுத்து, நாம் சாமித்தட்டில் வைத்து விளக்கேற்றுகிறோமே, அதே புனித ஜார்ஜ். அதே ஓங்கிய கை, அதே குதிரை. என்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன்.

கூட வேலை செய்யும் ஸ்லாத்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடியே, ஜார்ஜுன்னா குதிரை காலடியில அவர் குத்திக் கொன்ன டிராகன் கிடக்கணுமே, எங்கடி? ஆளு தெரியாம கும்பிடுறியே!"

தோண்டும் வேலையை நடத்தும் பேராசிரியர் அம்மாவும் சிரித்தார். "ஜார்ஜ் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே இவர் மண்ணுக்குள்ள போயிட்டார்மா. செத்தவங்களக் கூட்டிட்டுப் போகட்டும்னு பக்கத்துல வச்சிருப்பாங்க போல."

நானும் சிரித்துவைத்தேன். அது ஒரு குழந்தையின் கல்லறை, பென்யோ. நம் ரொசித்சா உயரம்தான் இருக்கும்.

காலையில் கால் விறைக்கிறது, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ரொசித்சாவின் கட்டிலைச் சாமித்தட்டுக்கு அடியிலிருந்து இன்றே நகர்த்துங்கள். சன்னலோரம் வேண்டாம், குளிரடிக்கும். அடுப்புப் பக்கம் போடுங்கள். சிரித்தாலும் சரி, முதலில் நகர்த்திவிட்டுச் சிரியுங்கள்.

தபால் கொண்டுபோகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. விளக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஒருவேளை அவர் ஜார்ஜாகவே இருந்துவிட்டால்?

உங்கள்
தோன்கா