தலைக்கணக்கு எடுத்த நாளில் நீ நின்ற வாசல்

மச்சான்,

உன் டை கிடைத்துவிட்டது. ஈப்போவில் சிலிபின் பகுதியில் இருக்கும் நம் வீட்டு அலமாரியை மருமகள் ஒழித்துக்கொண்டிருந்தாள். அடித்தட்டிலிருந்து அந்துருண்டை வாசனையோடு சுருண்டு விழுந்தது. கறுப்பில் சிவப்புக் கோடு. பாம்பு என்று அவள் போட்ட கூச்சலில் ஈப்போ ஸ்டேஷனில் நின்ற ரயில் நேரத்துக்கு முன்பே கிளம்பிப் போயிருக்கும். நான் எடுத்து முகர்ந்து பார்த்தேன். பேராக் மாநிலத்தில் ஒரு லாரி டிரைவர் ஒரு மாலைப்பொழுது முழுக்க அரசாங்கமாக இருந்தான் என்றால் அது நான்தான். எனக்கு அந்தப் பதவியைக் கொடுத்தது இந்த டை. டையைக் கொடுத்தது நீ.

அதனால் எழுதுகிறேன். உன்னிடம் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. நீ இருந்தபோது பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் சிரித்து மழுப்பினாய். இப்போது உன்னால் சிரிக்க முடியாது என்ற தைரியத்தில் மறுபடியும் கேட்கிறேன்.

நான் பிறவிச் சந்தேகக்காரன் என்பது உனக்குத் தெரியும். பசுவை வாசலுக்கு ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து கொடுத்தாலும், இந்தப் பசு வரும் வழியில் தண்ணீர் குடித்ததா என்று விசாரிப்பவன். ஆனால் நம் தோட்டத்துக்கு முன்னால் நான் பச்சைக் குழந்தை. சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், ரப்பர் மரங்களைத் தவிர எதையும் நம்பாத ஜனங்கள். மழை நாளில் மரமும் ஏமாற்றிவிடுவதால் அதன்மேலும் ஒரு கண் உண்டு.

அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு நீ தலைமை வாத்தியார். என் தங்கையைக் கட்டிக்கொண்ட தைரியசாலி. பள்ளி என்றால் இரண்டே அறைகள். இந்த அறையில் வாய்ப்பாடு சொன்னால் அந்த அறையில் திருக்குறள் தடுமாறும். மழை வந்தால் மூன்றாம் வகுப்பு எழுந்துபோய் நான்காம் வகுப்பின் மடியில் உட்கார்ந்துகொள்ளும்.

எண்பதாம் வருஷம், நாடு முழுக்கத் தலைக்கணக்கு எடுக்கப்போகிறார்கள் என்று ரேடியோ சொன்னது. அன்றே கள்ளுக்கடையில் அதற்கு அர்த்தம் எழுதிவிட்டார்கள். கோழிக்கு வரி வருகிறது. பையன்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்கப்போகிறார்கள். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசி அடையாள அட்டை வைத்திருப்பவர்களைக் கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவார்கள். ஒருத்தன் கப்பலின் நிறத்தைக்கூடச் சொன்னான். அவன் கடலையே பார்த்ததில்லை.

நீ மட்டும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாக, வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாய். எனக்கு உன்மேல்தான் முதல் சந்தேகம். ரப்பர் பால் ஏற்றும் என் லாரியை மறித்து நின்றபோது கேட்டேவிட்டேன்.

"எதுக்குலா உனக்கு இந்த வேலை? சம்பளம் குடுக்கிறானா?"

"இல்ல மச்சான்."

"பதவி உயர்வு?"

"அதுவும் இல்ல."

"ரெண்டும் இல்லாம ஒருத்தன் வெயில்ல அலைஞ்சா, ஒண்ணு பைத்தியம், இல்லாட்டி எலக்சன்ல நிக்கப்போறான். நீ எதுலா?"

நீ லாரிப் படியில் ஏறி உட்கார்ந்தாய். "பள்ளிக்கூடத்த மூடிட்டு, பிள்ளைங்கள பெரிய ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற பள்ளிக்கு அனுப்பிடலாமான்னு ஈப்போவுல பேசிக்கிறாங்க. அங்க உட்காந்திருக்கிறவன் நம்ம ஒழுகுற கூரைய வந்து பாக்கமாட்டான். தாளத்தான் பாப்பான். நம்ம ரெஜிஸ்டர்ல இருக்கிறது இன்னிக்கு வர்ற புள்ள. தொட்டில்ல கெடக்கிறது யாரு கணக்குல வரும்? தலைக்கணக்குலதான். அதுல புள்ள இல்லன்னா காசும் இல்ல, வாத்தியும் இல்ல."

பெரிய ரோடு என்றதும் நான் லாரி என்ஜினை அணைத்தேன். அதில் மரம் ஏற்றிக்கொண்டு பறக்கும் டிரைவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு பிரேக் என்பது அழகுக்கு வைத்த சாமான். நம் சுண்டைக்காய்கள் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் அதைக் கடக்க வேண்டுமா?

ஆனாலும் நீ படித்த முட்டாள், மச்சான். எல்லாரும் கூடுகிற இடம் என்று நினைத்து, விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் போய்க் கூட்டம் போட்டாய். தினமும் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற மைதானம்தான். ஆனால் சில வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தின் ஒரு பாதியை விற்றபோது, தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி கையில் ஒரு தாளோடு அதே இடத்தில் நின்றுதான் பெயர் படித்தார். பெயர் படிக்கப்படாதவர்கள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். நீ அப்போது டவுனில் படித்துக்கொண்டிருந்தவன். உனக்கு அது தெரியாது. நீயும் கையில் ஒரு தாளோடு நின்றாய். "எல்லார் பேரும் இதுல..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், களம் காலி. கிராணி வீட்டு நாய்கூட நிற்கவில்லை. அன்று சாயங்காலமே சில குடும்பங்கள் கணக்கெடுப்பு முடியும்வரை கோப்பெங்கில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடத் துணி மடித்தன.

நீ சோர்ந்து போவாய் என்று பார்த்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாடத்தை நிறுத்திவிட்டு, கணக்கெடுப்பு விளையாட்டு சொல்லிக்கொடுத்தாய். ஒரு குழந்தை கதவைத் தட்ட வேண்டும், இன்னொன்று வீட்டுக்காரராகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போன வாண்டுகள் பெற்றோரைக் குறுக்கு விசாரணை செய்து உயிரை எடுத்தன. அது முற்றியதும் ஒரு சாயங்காலம் பெற்றோரை எல்லாம் பள்ளிக்கு அழைத்தாய். என் கழுத்தில் இந்த டையைக் கட்டினாய். நான் அரசாங்க அதிகாரி. நீயும் என் தங்கையும்தான் கணக்கெடுக்கப்படும் குடும்பம்.

அந்த மாலை நான் நடந்த நடைக்கு சுல்தானே வழிவிட்டு ஒதுங்கியிருப்பார்.

"குடும்பத் தலைவர் யார்?" என்று கர்ஜித்தேன்.

"நாந்தாண்ணே" என்றாள் என் தங்கை.

சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. உன் முகத்தை நீ உத்தரத்துக்குத் திருப்பிக்கொண்டாய்.

"வயது?"

"அவரவிட ரெண்டு கூட. எழுதிக்கங்க, ஊரே கேக்கட்டும்."

"இந்த வீட்டில் யாராவது குறட்டை விடுகிறார்களா? அரசாங்கத்துக்கு உடனே தெரிய வேண்டும்."

"அந்தக் கேள்வி இல்ல மச்சான்" என்று நீ பல்லைக் கடித்தாய். சிரித்துச் சிரித்துச் சிலருக்குப் புரையேறியது. கோழியைக் கேட்கவில்லை, கப்பலைக் கேட்கவில்லை என்பதை அவர்கள் தம் காதாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பின் வரிசையிலிருந்து அங்கம்மா எழுந்தாள். கடைசி லயத்தில் குடியிருந்த பால்வெட்டுக்காரி. அவளும் புருஷனும் சிவப்பு ஐசி.

"சிரிச்சது போதும் வாத்தியாரே. வாரவன் ஐசி கேட்டா?"

நான் டையைத் தளர்த்திக்கொண்டேன். நீ எதையாவது சொல்லிச் சமாளிப்பாய் என்று நினைத்தேன்.

"கேக்கமாட்டாங்கன்னு சொல்லியிருக்காங்க. சத்தியம் பண்ண எனக்குத் தெரியாது அங்கம்மா. ஆனா அன்னிக்கு உன் வாசல்ல நான் நிப்பேன்."

"நின்னு?"

"உன்ன ஏத்துற வண்டியில என்னையும் ஏத்தச் சொல்வேன்."

குடும்பத் தலைவி உன்னைப் பார்த்த பார்வையில் சட்டை கருகியிருக்க வேண்டும். அங்கம்மா உட்கார்ந்தாள். நம்பினாளா இல்லையா என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

கணக்கெடுக்க வந்தவர் சுங்கை சிப்புட் டவுனில் வேலை பார்க்கும் ஓர் இளம் மலாய் ஆசிரியர். மோட்டார் சைக்கிளில் வந்தார். தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நீ கூடவே நடந்தாய். என்னைக் கடைசி லயத்து முனையில் லாரியோடு நிற்கச் சொன்னாய். எதற்கு என்றேன். "சும்மா" என்றாய். வாத்தியார்கள் எதையும் சும்மா சொல்லமாட்டார்கள் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

அங்கம்மா கதவைப் பாதி திறந்து நின்றாள். பெயர், வயது எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைக்குட்டி செல்வியிடம் வந்ததும், "இது எங்க பொறந்துச்சுன்னு கேக்குறாரு" என்றாய்.

அவள் கை கதவை இறுக்கியது. "அத எதுக்குக் கேக்குறாரு?"

நீ அவசரப்படவில்லை. பக்கத்தில் நின்றாய், அவ்வளவுதான்.

"லாரியில" என்றாள் கடைசியில்.

"டாலாம் லோரி?" லாரிக்குள்ளேயா என்று மலாயில் கேட்டு அந்த இளைஞர் பேனாவைத் தூக்கினார்.

நான் லயத்து முனையிலிருந்து கத்தினேன். "என் லாரியிலதான்! பாலத்துக்கு இந்தாண்ட! நான் நாலு கியர் மாத்துறதுக்குள்ள பொறந்துட்டா!"

அப்போது பதியப் போனால், ஆஸ்பத்திரிக்காரர்கள் இங்கே பிறக்கவில்லை என்றார்கள். கிராணி, தோட்டத்திலும் பிறக்கவில்லை என்றார். அதனால் செல்விக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. உன் பள்ளியில் ரெஜிஸ்டரில் பெயரில்லாமல் உட்கார்ந்து அவள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த இளைஞர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பேராக் என்று எழுதினார். லாரி பேராக்கில்தானே ஓடியது! ஐசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைகுலுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

வேலை முடிந்தது. நீயும் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அங்கம்மா வாசலிலேயே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாய். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு, மச்சான். முடிச்சை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவிழ்த்தாய், கட்டினாய். மறுபடி அவிழ்த்தாய். அங்கம்மா உன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போனாள். வெளியே வந்தபோது அவள் இரு கையையும் பிடித்தபடி இரண்டு குழந்தைகள். அதற்குமுன் யாரும் பார்த்தே இராத குழந்தைகள். வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இதுங்களையும் எழுதச் சொல்லுங்க வாத்தியாரே. செத்துப்போன கொழுந்தன் பிள்ளைங்க. அடுப்படியிலதான் வச்சிருக்கேன். வெளிய தெரிஞ்சா எங்களையும் சேத்து லயத்தவுட்டு அனுப்பிடுவாங்கன்னு..."

நீ நிமிர்ந்து ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை நாளாய் என்றும் கேட்கவில்லை. "வண்டிய எடு மச்சான்" என்றாய்.

அன்று என் பால் லாரி போன வேகத்துக்கு ஆகாய விமானம் வெட்கப்பட்டுத் தரையிறங்கியிருக்கும். பின்னால் ஒரு லாரி துரத்துகிறது என்று பயந்து அந்த இளைஞரும் முறுக்கினார். நான் ஹாரனை அமுக்க, அவர் இன்னும் முறுக்க, கடைசியில் பெரிய ரோட்டு முனையில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் நடுக்கத்தோடு ஒரு தேத்தண்ணியைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பிடித்தோம். லாரியின் முன்மூடிமேல் தாளை விரித்தார். நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்த பிள்ளைகளில் மூத்த பையனிடம் பெயர் கேட்டார். அவன் முதலில் உன்னைப் பார்த்தான். நீ தலையாட்டினாய். பெயரைச் சொன்னான். சத்தம் போதவில்லை என்று நினைத்தானோ என்னவோ, கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி இன்னொருமுறை கத்திச் சொன்னான்.

அடுத்த சில வருஷங்களில் பள்ளிக்கு ஒரு வாத்தியார் கூடுதலாக வந்தார். கூரையும் மாறியது. தலைக்கணக்கினால்தான் என்று நீ சொன்னாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அரசாங்கம் எதற்கு எதைச் செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? எண்பதுகளின் கடைசியில் தோட்டம் கைமாறி லயங்கள் காலியாகும்வரை ஒரு குழந்தையும் பெரிய ரோட்டைக் கடக்கவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்போது என் கேள்வி. அடுப்படியில் பிள்ளைகள் இருப்பது உனக்கு முன்பே தெரியும், இல்லையா? தெரிந்துதான் லாரியை நிறுத்தினாய், தெரிந்துதான் கயிற்றோடு மல்லுக்கட்டினாய். அந்த ஆசிரியர் பேனாவோடு நிற்கும்போதே நீயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு தலை சுலபமாகக் கூடியிருக்கும், ஆனால் அங்கம்மாவின் கதவு உனக்கு அதன்பின் திறந்திருக்காது. கேட்டபோதெல்லாம், "கயிறு அவிழ்ந்திருந்துச்சு மச்சான்" என்றாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதான் சொன்னாய். பொய்.

நான் மாறிவிடவில்லை. சந்தேகம் வயதோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. ஆனால் உன் வாசல் நிற்பு என் காலில் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீடோ, கோயில் அன்னதானமோ, கட்சிக்காரன் கூட்டமோ, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. கேட்டவர் பொறுமையிழந்து மணியைப் பார்ப்பார். நான் எழுந்துபோய் அடுப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.