இறுக்கிப் பிடிக்கும் தாங்கி

காஜா பேராங்,
1959, தை மாதம்.

தனக்கொடியின் அம்மாவுக்கு,

நான் சுகம். நான் சொல்லச் சொல்ல, சாமான் கடை ஷரீஃபுதீன் எழுதுகிறார்.

கட்டில்கால் கடையும் உளிகளெல்லாம் மழுங்கிவிட்டன. சாணைக்கல்லை நீ சுற்ற, உளியைப் பிடித்தே பழகிய கை இது. தனியாகத் தீட்டினால் சாய்வு தவறுகிறது. போன வாரம் இவர் கடையில், தீட்டும்போது உளியை வைக்க ஒரு தாங்கி கேட்டேன். இவர் இரண்டு தினுசு எடுத்து வைத்தார்.

"இது சாய்வ மட்டும் காட்டும், அண்ணே. உளிய நீங்கதான் பிடிக்கணும், கல்லச் சுத்த ஆள் வேணும். அது உளிய இறுக்கிப் பிடிச்சுக்கும், நீங்களே சுத்திக்கலாம். அக்கா வந்துருவாங்கன்னா இதுவே போதும்."

மகள் பிரசவத்துக்கென்று, இங்கே மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த மறுமாதம் ஊருக்குக் கப்பலேறினாய். பேரன் ஓடியாடுகிறான் என்று போன கடிதத்தில் இருந்தது. திரும்பும் கப்பலைப் பற்றி ஒன்றும் இல்லை.

இறுக்கிப் பிடிப்பதையே வாங்கினேன்.

நேற்று தீட்டிப் பார்த்தேன். சாய்வு பிசகவில்லை. ஆனால் உளி சூடேறி, முனை நீலம் பாய்ந்து பதம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, "போதும், கருக்கிடாதீங்க" என்று நீ சுற்றுவதை நிறுத்திவிடுவாய். இந்த இரும்புக்கு அது தெரியவில்லை.

பழகிக்கொள்வேன். நீ அலைய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்